சொந்தக் கூட்டத்தின் முன்னால்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைச் சில வருடங்களாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. எந்தத் தலைவரின் பேச்சைக் கேட்டாலும் எதையாவது காட்டிப் பயமுறுத்துகிறார்கள். அவன் வந்துவிடுவான், இவன் பிடுங்கிக்கொள்வான், நான் இல்லாவிட்டால் நீங்கள் அழிந்துபோவீர்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. நம்பிக்கையைப் பேசி ஒருவர் ஜெயிக்கவே முடியாதா? மனித மூளையே பயத்துக்குத்தான் முதலில் இணங்கும் என்கிறார்களே, உண்மையா? 'நாம் அஞ்ச வேண்டியது அச்சத்துக்கு மட்டும்தான்' என்ற அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் வரியை வாட்ஸப் ஸ்டேட்டஸாக வைத்திருக்கிறேன். அப்படி ஒரு தலைவர் நமக்கு எப்போது வருவார்? என் நண்பர்கள் குழுவில்கூட ஒரு சமூகத்தாரைப் பற்றித் தினமும் ஏதாவது வதந்தி வருகிறது. பொய் என்று தெரியும், ஆனால் சண்டை எதற்கு என்று பேசாமல் இருந்துவிடுகிறேன். செய்தி பார்ப்பதையும் நிறுத்திவிட்டேன். இது பற்றி வாசிக்கச் சில புத்தகங்கள் சொல்ல முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடிதத்தில் தெரிந்த சலிப்பு எனக்குப் பழக்கமானதுதான். சில வாரங்களாக நானும் இதையே சுற்றிச் சுற்றி யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

மூளை விஷயத்தை விட்டுவிடுங்கள். பயம் சீக்கிரம் பற்றிக்கொள்ளும், சரி. பசியும்தான் உடம்போடு பிறந்தது. அதனால் திருட்டைத் தவிர்க்கவே முடியாது என்று யாராவது சொல்கிறார்களா?

நம்பிக்கை ஜெயிக்குமா என்ற கேள்விக்குச் சிலி நாட்டைப் பாருங்கள். 1973இல் ராணுவப் புரட்சி செய்து ஆட்சிக்கு வந்த பினோசே, இன்னும் எட்டு வருடம் தான் நீடிக்கலாமா என்று 1988 அக்டோபர் 5 அன்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார். 'ஆம்' அல்லது 'இல்லை'. எதிர்த்தரப்புக்குத் தொலைக்காட்சியில் கிடைத்தது தினமும் இரவு பின்னேரத்தில் பதினைந்து நிமிடம். ஆட்சித் தரப்பு அதே அளவு நேரத்தில் பழைய குழப்பம் திரும்பி வரும் என்று மிரட்டியது. எதிர்த்தரப்பில் பலருடைய உறவினர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள், காணாமல் போயிருந்தார்கள். அந்தக் கொடுமைகளை மட்டும் காட்டினால் போதும் என்று அவர்களுக்குள்ளேயே ஒரு பிரிவு வாதாடியது. கடைசியில் அவர்கள் எடுத்த முடிவு வேறு. கொடுமைகளையும் சொன்னார்கள், ஆனால் வானவில்லைச் சின்னமாக வைத்து, மகிழ்ச்சி வரப்போகிறது என்று பாடினார்கள். ஏறத்தாழ 56 சதவீதம் பேர் 'இல்லை' என்று வாக்களித்தார்கள்.

ஆனால் பாட்டினால் ஜெயித்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வாக்களித்து என்ன ஆகப்போகிறது, யாருக்குப் போட்டோம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஒதுங்கியிருந்தவர்களை வீடு வீடாகப் போய்ப் பேசிப் பட்டியலில் பெயர் சேர்க்க வைத்தார்கள். 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு சாவடியிலும் தங்கள் ஆட்களை உட்காரவைத்துத் தனியாக எண்ணிக்கை எடுத்தார்கள். இப்படிப் பல பேர் பல மாதம் செய்த வேலைக்குத்தான் நான் நம்பிக்கை என்று பெயர் சொல்வேன்.

'அப்படி ஒரு தலைவர் எப்போது வருவார்' என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்விதான் எனக்குக் கோபம் வரவழைத்தது. பயத்தை விற்பவர்கள் உங்களிடம் எதிர்பார்ப்பதே இந்தக் காத்திருப்பைத்தான். உன்னால் எதுவும் ஆகாது, எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் இரு என்கிறார்கள். நீங்களும் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, கொடுப்பதற்கு வேறு நல்ல ஆளாகத் தேடுகிறீர்கள். ஒருவர் எச்சரிக்கிறாரா, பயமுறுத்துகிறாரா என்று கண்டுபிடிக்க நான் ஒன்றே ஒன்றைத்தான் பார்ப்பேன். பேச்சின் முடிவில் நம்மிடம் என்ன கேட்கிறார்? எச்சரிப்பவர் ஏதாவது ஒரு வேலையை நம் கையில் கொடுப்பார். பயமுறுத்துபவருக்கு நம்முடைய வாக்கும் மௌனமும் போதும். அவர் காட்டும் ஆபத்து ஒருநாளும் தீரவும் தீராது. தீர்ந்துவிட்டால் அவருக்கு அங்கே வேலை இல்லையே.

இப்போது ரூஸ்வெல்ட். அந்த வரியை அவர் சொன்னது 1933 மார்ச் 4 அன்று, பதவியேற்பு உரையில். அமெரிக்காவில் வங்கிகள் ஆயிரக்கணக்கில் மூழ்கியிருந்தன. மக்கள் பணத்தை எடுத்து வீட்டில் ஒளித்துவைத்தார்கள். எல்லோரும் அந்த வரியையே மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு முக்கியமானது அவர் எட்டு நாள் கழித்து வானொலியில் பேசியது. வங்கி என்றால் என்ன, நீங்கள் போட்ட பணம் எங்கே போகிறது, ஏன் எல்லோருக்கும் ஒரே நாளில் திருப்பித் தர முடியாது என்று பாடம் நடத்துவதுபோல விளக்கினார். மெத்தைக்கு அடியில் வைப்பதைவிடத் திறக்கப்படும் வங்கியில் வைப்பது பத்திரம் என்றார். மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கியபோது மக்கள் பணத்தைத் திரும்பப் போட வரிசையில் நின்றார்கள். மக்களைப் புரிந்துகொள்ளக்கூடியவர்களாக மதித்ததால் நடந்தது அது.

அதே ரூஸ்வெல்ட், 1942 பிப்ரவரி 19 அன்று ஓர் ஆணையில் கையெழுத்துப் போட்டார். பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கி இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீட்டையும் கடையையும் வயலையும் விட்டு முள்வேலி முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள். குழந்தைகளும் இருந்தார்கள். யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. அச்சத்துக்கு மட்டுமே அஞ்சச் சொன்னவரின் கைதான் அந்தக் கையெழுத்தைப் போட்டது. பிற்பாடு அந்நாட்டு நாடாளுமன்றம் நியமித்த ஆணையம், இதற்கான காரணங்களை 1983இல் பட்டியலிட்டது. இனவெறுப்பு, போர்க்கால வெறி, அப்புறம் அரசியல் தலைமையின் தோல்வி. 1988இல்தான் சட்டப்படி மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுக்க முடிவு செய்தார்கள்.

அந்த நேரத்தில் கொலராடோ மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர் ரால்ஃப் கார். பக்கத்து மாநில ஆளுநர்கள் பலரும் 'இவர்கள் எங்கள் மண்ணில் கால் வைக்கக் கூடாது' என்று கத்திக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் வரட்டும் என்றார். இவர்கள் குடிமக்கள், நம்மைப் போலவே அரசியல் சாசனம் இவர்களுக்கும் காவல் என்றார். கோபத்தோடு திரண்டிருந்த கூட்டத்தின் முன்னால் நின்று, அவர்களைத் தொடுவதானால் முதலில் என்னைத் தொடுங்கள் என்ற பொருளில் பேசினார். அந்தக் கூட்டம் யார்? அவருக்கு வாக்களித்தவர்கள். அதே ஆண்டு நவம்பரில் செனட் தேர்தலில் சிறு வித்தியாசத்தில் தோற்றார். அதற்குப் பிறகு எந்தப் பதவிக்கும் அவர் தேர்ந்தெடுக்கப்படவே இல்லை.

நான் சொல்ல வந்தது இதைத்தான், எஸ். துணிச்சல் என்று நாம் கைதட்டுவதில் பெரும்பகுதி துணிச்சலே கிடையாது. எதிரியை மேடையில் திட்டுவதற்கு என்ன துணிச்சல் வேண்டும்? எதிரி அங்கே இல்லை. எதிரில் இருப்பவர்கள் எல்லோரும் நம் ஆட்கள், திட்டத் திட்ட விசிலடிப்பார்கள். பயத்தை விற்பவரைப் பார்த்து 'என்ன தைரியமாகப் பேசுகிறார்' என்று சிலாகிக்கிறோமே, அவர் தன் கூட்டம் கேட்க விரும்பாத ஒரு வாக்கியத்தையாவது எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? ஒன்றே ஒன்று? தேடிப் பாருங்கள். தன் கூட்டத்துக்கு நடுங்குகிறவர்தான் அந்தக் கூட்டத்தின் பயத்துக்குத் தீனி போட்டுக்கொண்டே இருப்பார். நிறுத்தினால் அது தன் மீதே பாயும் என்று அவருக்குத் தெரியும்.

தென்னாப்பிரிக்காவில் 1993 ஏப்ரல் 10 அன்று கிறிஸ் ஹானியை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துப் போராடிய, கறுப்பின இளைஞர்கள் கொண்டாடிய தலைவர். நாடு எரிந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதையடுத்துத் தொலைக்காட்சியில் பேசிய மண்டேலா, கொன்றவன் ஒரு வெள்ளைக்காரன், அவன் பிடிபட உயிரைப் பணயம் வைத்து உதவியவளும் ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னார். பிறகு சொவேட்டோவில் நடந்த இரங்கல் கூட்டத்தில், வெள்ளையர்களின் ஆளும் தேசியக் கட்சியும் இரங்கல் செய்தி அனுப்பியிருக்கிறது என்று சொன்னபோது அவருடைய ஆட்களே கூச்சலிட்டார்கள். இருபத்தேழு வருடம் சிறையில் இருந்தவரைப் பார்த்து! ஒரு வருடம் கழித்து, 1994 ஏப்ரல் கடைசியில், எல்லோரும் வாக்களித்த முதல் தேர்தல் நடந்தது.

இவர்களெல்லாம் பெரிய மனிதர்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். சரி, பெயர் தெரியாத ஒருவரைச் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த இடத்தில் ஊழியர் சங்கம் ஒன்று இருந்தது. கணினி வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட காலம். சங்கச் செயலாளர் நன்றாகப் பேசுவார். பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள், பட்டியல் தயாராகிவிட்டது, நமக்குள்ளேயே உளவாளிகள் இருக்கிறார்கள் என்பார். அந்தப் பட்டியலை யாரும் பார்த்ததில்லை. ஆனால் பக்கத்து மேஜைக்காரரோடு பேசவே தயங்கும் அளவுக்கு ஆகிவிட்டது. கணக்குப் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். மேடையெல்லாம் ஏறியதே இல்லை. பொதுக்குழுவில் ஒருநாள் எழுந்து கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு பேசினார். "மெஷின் வரத்தான் போகுது. அதை நிறுத்திடலாம்னு உங்ககிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். யாரையும் வெளியே அனுப்பக் கூடாது, வேலை நேரத்திலேயே கத்துக்கொடுக்கணும், ரிட்டையர் ஆகப்போறவங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. இந்த மூணையும் எழுத்துல வாங்குவோம்." அவ்வளவுதான். நிர்வாகத்தின் கைக்கூலி என்று பின்வரிசையிலிருந்து கத்தினார்கள். அவரோடு தினமும் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்களே கத்தினார்கள். கத்தி முடிக்கும்வரை நின்றார், பிறகு அந்த மூன்றையும் இன்னொரு முறை வாசித்துவிட்டு உட்கார்ந்தார்.

செயலாளர் பதவிக்கு நின்றார், நான் அவருக்குத்தான் போட்டேன், தோற்றார். ஆனால் அடுத்த பேச்சுவார்த்தைக்குச் செயலாளர் கொண்டுபோன கோரிக்கைத் தாளில் அந்த மூன்றும் இருந்தன. யார் எழுதியது என்று யாரும் கேட்கவில்லை. கணினி வந்தபோது முதலில் கற்றுக்கொண்டவரும் அந்த அக்காதான். மாலையில் தங்கி, விசைப்பலகையைத் தொடவே கை நடுங்கிய பெரியவர்களுக்கு ஒவ்வோர் எழுத்தாகக் காட்டிக்கொடுப்பார். அன்று பின்வரிசையிலிருந்து கத்தியவர்கள் சிலரும் அந்த வரிசையில் இருந்தார்கள். அவர் ஒருநாளும் அதைக் குத்திக்காட்டியதில்லை.

அதனால்தான் தம்பி, உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் வந்த அந்த ஒரு வரி என்னை விடவில்லை. குழுவில் வருவது பொய் என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் பேசுவதில்லை. ரூஸ்வெல்ட்டின் வரியை உலகத்துக்கே காட்டுகிறீர்கள், உங்கள் வார்த்தை தேவைப்படும் இடத்தில் வாயை மூடிக்கொள்கிறீர்கள். உங்கள் நண்பர்கள்தான் உங்கள் கூட்டம். எந்தத் தலைவர் பேசுவதையும்விட நீங்கள் சொன்னால் அவர்கள் கேட்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் உங்களை அவர்களுக்குப் பிடிக்கும். நீங்கள் கோழை என்று நான் சொல்லவில்லை. நட்பை இழந்துவிடுவோமோ என்ற கவலை நல்ல மனசுக்காரர்களுக்குத்தான் வரும். ஆனால் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் உங்கள் குழுவைப் படிக்க நேர்ந்தால், உங்கள் மௌனத்தை எப்படிப் புரிந்துகொள்வார்?

செய்தி பார்க்க ஆரம்பியுங்கள். தொலைக்காட்சி விவாதங்கள் வேண்டாம், நாளிதழ் போதும். புத்தகப் பட்டியலை இன்னொரு நாள் தருகிறேன், இப்போது கொடுத்தால் அதைப் படித்து முடித்துவிட்டுப் பேசலாம் என்று தள்ளிப்போடுவீர்கள். அடுத்த வதந்தி வரும்போது திட்டாமல், பாடம் நடத்தாமல், 'இது பொய், இன்ன காரணத்தால் பொய்' என்று இரண்டே வரி எழுதுங்கள். கேலி வரும். குழுவை விட்டு வெளியேறாதீர்கள். மறுநாளும் அங்கேயே இருந்து, யாருக்காவது பிறந்தநாள் என்றால் வாழ்த்துச் சொல்லுங்கள். அடுத்த பொய் வந்தால் மறுபடி இரண்டு வரி எழுதுங்கள்.

அன்புடன்.