கப்பலில் மடி டிக்கெட் கிடையாது

கேள்வி: நாங்கள் பாளையங்கோட்டை. நான், என் கணவர், நாலு வயது மகள், எட்டு மாதக் கைக்குழந்தை, என் அத்தை (கணவரின் அம்மா) என ஐந்து பேர் சிங்கப்பூரில் ஏறி அங்கேயே இறங்கும் நாலு இரவு கப்பல் சுற்றுலா போக நினைக்கிறோம். ஜங்ஷன் பக்கம் உள்ள ஏஜென்ட், “நாலு பேர் கேபின் ஒன்று போதும், கைக்குழந்தை கணக்கில் வராது” என்கிறார். ஒரே கேபினில் சமாளிக்க முடியுமா?

பதில்: முடியாது. முதல் காரியமாக அந்த ஏஜென்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கொடுத்தாகிவிட்டது என்றால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

விமானத்தில் இரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். அதே நினைப்பில் கப்பலையும் விற்கிறார்கள். 1912-ல் டைட்டானிக் மூழ்கியபோது ஏறியிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் உயிர்காப்புப் படகில் இடம் இருந்தது. அதற்குப் பிறகு 1914-ல் வந்த, கடல் பயணிகளின் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்தான் பலமுறை திருத்தப்பட்டு இன்றும் கப்பல்களை ஆள்கிறது. அதன்படி, பிறந்த குழந்தையானாலும் படகில் ஓர் இடம், அதன் அளவுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், பட்டியலில் ஒரு பெயர். நாலு பேர் கேபின் என்றால் நாலு தலைதான். நான் கப்பலில் ஹவுஸ்கீப்பிங்கில் இருந்த காலத்தில், இப்படி ஐந்தாவது ஆளாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு குடும்பம் கவுன்டர் முன்னால் அழுதுகொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு விற்றவர் போனை எடுக்கவே இல்லை.

சரி, ஏஜென்ட் எப்படியோ ஐந்து பேர் கேபின் பிடித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். சாதாரணக் கேபின் 150 முதல் 180 சதுர அடி. நம் வீட்டு அடுப்படியைவிடக் கொஞ்சம் பெரிது. கீழே இரண்டு கட்டில், மற்றவை மேலேயிருந்து இறக்கும் பெர்த். நெல்லை எக்ஸ்பிரஸில் அத்தைக்கு லோயர் பெர்த் கிடைக்கவில்லை என்றால் எத்தனை பேரிடம் கெஞ்சுவீர்கள்? இங்கே கெஞ்சுவதற்கும் ஆள் இல்லை. நாலு வயதுப் பிள்ளையை மேலே படுக்க வைக்கக் கூடாது. அப்போது ஏணி ஏற வேண்டியது நீங்களும் உங்கள் கணவரும். ராத்திரி குழந்தை அழுதால் இருட்டில் ஏணி இறங்கிப் பால் கொடுக்க வேண்டும். குழந்தைக்கட்டிலை விரித்துவிட்டால் பாத்ரூம் போக வழியும் இருக்காது.

ஆகவே இரண்டு கேபின் எடுங்கள். நடுவில் கதவு உள்ள ஜோடிக் கேபின் கேளுங்கள். ‘அடுத்தடுத்த கேபின்’ என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். அது வெறும் பக்கத்து வீடு, இடையில் கதவு இருக்காது. கதவு உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒன்றில் அத்தையும் மகளும், இன்னொன்றில் நீங்கள் மூவரும். ஒருவேளை காசு இடிக்கிறது, அத்தை வரவில்லை, நாலு பேரும் ஒரே கேபினில்தான் என்று முடிவானால், அப்போது இந்தக் கதவுள்ள கேபினே வேண்டாம். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தெரியாத ஆள் இருப்பார், அவர் டிவி சத்தமும் இருமலும் கதவு வழியாக வரும், உங்கள் குழந்தை அழுவது அவருக்குப் போகும், காலையில் இரண்டு பேரும் லிஃப்டில் முகம் பார்க்க முடியாது. இரண்டையும் நீங்களே எடுத்தால் மட்டும்தான் அந்தக் கதவு வரம்.

ஜன்னல் இல்லாத உள்கேபின் விலை குறைவு. பகலிலும் இருட்டாக இருப்பதால் குழந்தை நன்றாகத் தூங்கும். கப்பலின் நடுப்பகுதி, கீழ்த் தளம் என்றால் ஆட்டம் குறைவு. மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கும் தளமா என்று வரைபடத்தில் பாருங்கள். தலைக்கு மேல் நடனக்கூடம் இருந்தால் நள்ளிரவு வரை தூக்கம் இல்லை. இதற்காகவே ‘கேரண்டி கேபின்’ என்று மலிவாக வருவதைத் தொடாதீர்கள். எந்தக் கேபின் என்பதைக் கம்பெனி கடைசியில்தான் முடிவு செய்யும். உங்களுக்கும் அத்தைக்கும் நடுவில் நாலு தளம் விழலாம்.

எட்டு மாதம் பிரச்சினை இல்லை. பெரும்பாலான கம்பெனிகள் ஆறு மாதம் நிறைந்தால் ஏற்றுகின்றன. குழந்தைக்கட்டில் பெரும்பாலும் இலவசம்தான், ஆனால் எண்ணிக்கை குறைவு. புக்கிங்கின்போதே கேட்டு வையுங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு சேதி. சேலைத் தொட்டில் கட்ட அங்கே கொக்கி இல்லை. கேபின் கூரையில் நீட்டிக்கொண்டிருப்பது தீயணைக்கும் தண்ணீர்க் குழாயின் முனை. அதில் எதையாவது கட்டி இழுத்தால் உடைந்து கேபின் முழுக்கத் தண்ணீர். நாங்கள் துடைத்திருக்கிறோம். பதினைந்து நாள் முன்னாலேயே குழந்தையைத் தொட்டிலை விட்டுப் படுக்கையில் தூங்கப் பழக்குங்கள். மின்கெட்டில், ரைஸ் குக்கர் கொண்டுபோனால் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கூழுக்கு வெந்நீர் சாப்பாட்டுக் கூடத்தில் கேளுங்கள். பாத்ரூமில் வாளி இருக்காது. காற்றடைத்து மடிக்கும் சின்னத் தொட்டி ஒன்று கொண்டுபோங்கள். டயபர் போட்ட குழந்தையை நீச்சல் குளத்தில் விடமாட்டார்கள்.

அப்புறம் பெயர். பாஸ்போர்ட் ஆபீஸ் இனிஷியலை விரித்து எழுதச் சொல்லும். கப்பல் கம்பெனியின் படிவம் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டால் நகராது. உலகம் முழுக்கப் போகிறோம், ஒரு இனிஷியலைப் புரிந்துகொள்ள இன்னும் ஒருவருக்கும் மனமில்லை! ஏஜென்ட் அவசரத்தில் ஆளுக்கு ஒரு விதமாக நிரப்புவார். குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். கப்பல் சுற்றிவிட்டு மறுபடி சிங்கப்பூருக்குள்தான் வரும் என்பதால், விசா பலமுறை நுழைவுக்கானதா என்றும் பாருங்கள்.

பணம் கட்டும்முன் ஏஜென்டிடம் கம்பெனியின் உறுதிச் சீட்டைக் கேளுங்கள். அதில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஐந்து பெயர், இரண்டு கேபின் எண், குழந்தைக்கட்டில் என்று தனியாக ஒரு வரி இருக்க வேண்டும். “நாளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்” என்றால், பணத்தையும் நாளைக்கே தருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.