தோள் வலி

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைப் பல வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. சுழியோட எனக்குக் கல்கிசைக் கடலில்தான் பழக்கம். அங்கே மூழ்கிக் கிடக்கும் மெதுஃபாரு கப்பலுக்குப் பலமுறை இறங்கியிருக்கிறேன். சென்ற மாதம் சுத்தியல் தலைச் சுறாக்களைப் பார்ப்பதற்கென்றே மாலைதீவின் ரஸ்தூவுக்கு நண்பர்களோடு போனேன். ஐந்து நாளும் விடியுமுன் இறங்கினோம். நான்கு நாள் வெறும் நீலம். ஐந்தாம் நாள் எனக்குக் கீழே ஒரு நிழல் போனது. அதன் பின்னாலேயே 38 மீட்டர் வரை இறங்கிவிட்டேன். அந்த நேரத்தில் பயம் என்பதே இல்லை. கடலோடு கரைந்துவிட்டதுபோல ஒரு பேரானந்தம். ஆழத்தையும் நேரத்தையும் காட்டக் கையில் கட்டியிருந்த சுழியோடிக் கொம்பியூட்டர் கத்திக்கொண்டே இருந்தது. காற்றும் குறைந்துவிட்டதால் கொஞ்சம் வேகமாக மேலே வந்தேன். அன்றிரவே விமானம். வந்து இரண்டு நாள் தோள் வலி, பனடோல் போட்டேன், போய்விட்டது. இப்போது விரல் நுனியில் மட்டும் லேசான விறைப்பு.

என் கேள்வி வேறு. வந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சுறா வறை வைத்தார். என்னால் வாயில் வைக்க முடியவில்லை. தேடிப் போய்ப் பார்த்த ஒன்றைத் தட்டில் வைத்துச் சாப்பிடுவது சரியா? அம்மாவுக்குக் கோபம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க., வெள்ளவத்தை

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை முதல் தடவை வாசித்தபோது சுறாவைத் தாண்டிப் போய்விட்டேன். வறையையும் தாண்டிவிட்டேன். "இரண்டு நாள் தோள் வலி" என்ற இடத்தை மட்டும் தாண்ட முடியவில்லை. அன்றைக்கே உங்களுக்குத் தனியாக இரண்டு வரி எழுதினேன். உடனே டொக்டரைப் பாருங்கள், சுழியோடிவிட்டு வந்ததை மறைக்காமல் சொல்லுங்கள் என்று. பதில் இல்லை. அதனால்தான் இங்கே எல்லோருக்கும் முன்னால் எழுதுகிறேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சாப்பிட வேண்டாம், மனம் வராவிட்டால் விடுங்கள். ஆனால் அம்மாவிடம் நியாயம் பேசப் போகாதீர்கள். பிள்ளை பெற்ற வீட்டில் பால் சுறாவை அவித்து உதிர்த்து, தேங்காய்ப்பூவும் மிளகும் போட்டு வறுத்துக் கொடுத்த கைகள் அவை. 1970இலிருந்து பெருங்கடல்களின் சுறாக்களும் திருக்கைகளும் நூற்றுக்கு 71 பங்கு குறைந்துவிட்டன என்று 2021இல் கணக்குச் சொன்னார்கள். அந்தக் கணக்கில் உங்கள் அம்மாவின் தாச்சியைப் போய்த் தேடாதீர்கள். மைல் கணக்கில் தூண்டில் விடுகிறவர்களும் செட்டைக்கு விலை பேசுகிறவர்களும் வேறு ஆட்கள். ஒன்று செய்யலாம். நீங்கள் சுத்தியல் தலை என்று எழுதுவதை நாங்கள் கொம்பன் சுறா என்போம். அதன் குட்டிகள் பேலியகொடைச் சந்தையில் சீமெந்துத் தரையில் வரிசையாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு முழம்கூட இருக்காது. தலையின் இரண்டு அந்தத்திலும் கண் திறந்தபடியே இருக்கும். அதை வாங்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கேட்பார்.

சரி, அது போகட்டும்.

"பயம் என்பதே இல்லை, பேரானந்தம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் எனக்குக் கோபம் மூட்டியது. தம்பி, அது ஆனந்தமில்லை. நைதரசன் மப்பு. நாம் மூச்சிழுக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசன். தரையில் அது ஒன்றும் செய்யாது. 10 மீட்டர் இறங்க இறங்க ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 38 மீட்டரில் நீங்கள் ஏறக்குறைய ஐந்து மடங்கு அழுத்தத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்த அழுத்தத்தில் நைதரசன் மூளையைத் தொடும். வெறும் வயிற்றில் கள்ளடித்தவனுக்கு வருகிற தைரியம் எதுவோ, அதுவேதான் இதுவும். அந்த மப்பில் வாயிலிருக்கும் குழாயைக் கழற்றி மீனுக்கு நீட்டுகிறவர்கள் இருப்பார்கள் என்று பயிற்சியிலேயே சொல்லித் தருவார்கள். உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். அது தெரிந்திருந்தும் அதற்குக் "கடலோடு கரைதல்" என்று பெயர் வைத்து எனக்கு எழுதுகிறீர்கள். நாளைக்கு இதை ஒரு கட்டுரையாகவும் எழுதுவீர்கள். இருபது வயதுப் பிள்ளை ஒன்று வாசித்துவிட்டு அந்த ஆனந்தத்தைத் தேடி இறங்கும். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். உடம்பு கெட்டுப்போகிற நேரத்தில் வருகிற சுகத்தை ஞானம் என்று எழுதக் கூடாது.

மெதுஃபாருவில் இறங்கும்போது கண்ணுக்கு முன்னால் கப்பல் இருக்கிறது. கீழே மணல் இருக்கிறது. எவ்வளவு ஆழத்தில் நிற்கிறோம் என்பதை அந்தக் கப்பலே சொல்லிவிடும். ரஸ்தூவில் பவளப்பாறையை விட்டு விலகி நடுநீலத்தில் போய்க் காத்திருக்கிறீர்கள். கீழே தரை இல்லை, பக்கத்தில் சுவர் இல்லை. மேலும் நீலம், கீழும் நீலம். இறங்குவது உடம்புக்கே தெரியாது. அந்த இடத்தில் உங்களுக்குத் தரை என்று இருந்ததே கையில் கட்டியிருந்த அந்தக் கொம்பியூட்டர்தான். அது கத்துகிறது, நீங்கள் நிழலைத் துரத்துகிறீர்கள். மாலைதீவில் 30 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. உங்கள் வழிகாட்டி மேலே நின்று என்ன பாடு பட்டிருப்பார் என்று ஒரு வரி இல்லையே கடிதத்தில்.

இன்னொன்றையும் கவனித்தேன். இறங்கியதற்கு அத்தனை வரி எழுதியிருக்கிறீர்கள். மேலே வந்ததற்கு ஒரே ஒரு வரி. "கொஞ்சம் வேகமாக மேலே வந்தேன்."

போன மாதம் மன்னாருக்குப் போயிருந்தேன். என் சித்தப்பாவின் மகனுக்கு நினைவுப் பூசை. அவனும் சுழியோடிதான். போர் முடிந்து கடல் திறந்ததும் சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்கினான். உங்களைப் போலவே சிலிண்டர், கண்ணாடி, குழாய். கொம்பியூட்டர் மட்டும் கிடையாது. ஒரு நாளைக்கு நான்கு சிலிண்டர், ஐந்து சிலிண்டர். ஒன்று முடிந்தால் மேலே வந்து ஒரு தேத்தண்ணி, பிறகு அடுத்தது. மேலே வருகிற வேகத்துக்குக் கணக்கில்லை. அட்டைப் பை நிறைந்தால் வருவான், காற்று முடிந்தால் வருவான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. சொல்லிக் கொடுக்கிற இடத்துக்குப் போகக் காசுமில்லை.

2011இல் ஒரு நாள். நான் லீவில் ஊரில் நின்றேன். மூன்று மணிபோல வந்து கிணற்றடியில் குளித்துவிட்டு விறாந்தையில் என் பக்கத்தில் வந்து குந்தினான். "அண்ணை, தோள் உளையுது" என்றான். இடது கையால் வலது தோளைப் பிடித்து உருட்டிக்கொண்டே இருந்தான். பை தூக்கியதால் பிடித்திருக்கும் என்று நினைத்தேன். என் பையிலிருந்து இரண்டு பனடோல் எடுத்துக் கொடுத்தேன். "படுத்தெழும்பு, சரி வரும்" என்று சொன்னேன். சொன்னது நான்தான். இரவு சோறு போட்டு இரண்டு வாய்தான் தின்றான். கால் கூசுகிறது, எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றான். விடிய மனைவி எழுப்பினபோது இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை.

வாசலில் கூடியவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. "சுறா கடிச்சதோ?" சின்னம்மா சாரத்தை விலக்கி விலக்கிக் காட்டினார். ஒரு கீறல்கூட இல்லை. காயமே இல்லாமல் கால் எப்படிப் போகும் என்று அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் அன்றைக்கு விளங்கவில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் நரம்புக்கு ஊசி போட்டார்கள். இரண்டாவது ஆஸ்பத்திரியில்தான் ஒருவர் இவன் என்ன தொழில் செய்கிறவன் என்று கேட்டார். அதற்குள் மூன்று நாள் போய்விட்டது. ஏழு வருடம் சக்கர நாற்காலியில் இருந்தான். கடைசியில் படுக்கைப் புண் அழுகித்தான் செத்தான். அவனுடைய கண்ணாடி இன்னும் சுவரில் ஆணியில் தொங்குகிறது. ரப்பர் பட்டி உருகிச் சுவரோடு ஒட்டிவிட்டது. போன மாதம் எடுக்கப் பார்த்தேன், சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்தது. விட்டுவிட்டேன்.

மன்னார்க் கடலில் முத்துக் குளிக்கும் சலாபம் நடந்த காலத்தில் கடல்கட்டி என்று ஒருவர் இருப்பார். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் வேலை. அவர் கட்டினால்தான் குளிகாரர் இறங்குவார்கள். மார்க்கோ போலோவே இதை எழுதியிருக்கிறார், முத்தில் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்கு என்று. ஆங்கிலேயர் வந்த பிறகும் அரசாங்கம் கடல்கட்டிக்குக் கூலி கொடுத்தது. நம் ஆட்கள் கடலில் எதற்குப் பயந்தார்கள் என்பது அந்தக் கூலியில் தெரிகிறது. அந்தக் காலத்துக் குளிகாரர் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து ஒரே மூச்சில் போய் ஒரே மூச்சில் வந்தவர்கள். மேலே இழுத்த காற்று எவ்வளவோ அவ்வளவுதான் உடம்பில். அவர்களுக்கு இந்த நோய் அநேகமாக இல்லை. சிலிண்டர் வந்த பிறகுதான் அடியிலேயே நின்று அழுத்தக் காற்றை நிமிடக் கணக்கில் இழுக்கிறோம். அவ்வளவு நைதரசனும் இரத்தத்திலும் கொழுப்பிலும் மூட்டிலும் கரைந்து ஏறுகிறது. மெல்ல மேலே வந்தால் அது மெல்ல மூச்சோடு போய்விடும். நிமிடத்துக்கு 9 மீட்டர், பிறகு 5 மீட்டரில் 3 நிமிடம் சும்மா நிற்க வேண்டும். சடாரென்று வந்தால் உள்ளுக்குள்ளேயே குமிழியாகிவிடும். மூட்டில் தங்கினால் உளைவு, முள்ளந்தண்டில் தங்கினால் கால் போய்விடும். இதைக் கட்ட எந்தக் கடல்கட்டியும் இல்லை.

அந்த 3 நிமிடம் நீங்கள் நின்றீர்களா? எழுதவில்லை. காற்றுக் குறைந்துவிட்டது என்கிறீர்கள். குறையாமல் என்ன செய்யும்? 12 லீட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்தால் 2400 லீட்டர் காற்று. நிமிடத்துக்கு 20 லீட்டர் இழுக்கிற ஆளுக்குத் தரையில் இரண்டு மணித்தியாலம் வரும். 30 மீட்டரில் அரை மணித்தியாலம்கூடத் தாங்காது. 38இல் இன்னும் குறைவு, துரத்திக்கொண்டு நீந்தினால் அதிலும் குறைவு. மேலே வருவதற்கான காற்றைத்தான் நீங்கள் அந்த நிழலுக்குக் கொடுத்தீர்கள்.

அப்புறம் அன்றிரவே விமானம் ஏறியிருக்கிறீர்கள். நாள் கணக்கில் சுழியோடியவர் கடைசியாக நீரைவிட்டு வந்து குறைந்தது 18 மணித்தியாலம் பறக்கக் கூடாது. மேலே பறக்கும்போது விமானத்துக்குள் அழுத்தம் இன்னும் குறையும். கரையாமல் மிச்சமிருந்த குமிழி அங்கே பெருக்கும். இதுவும் உங்களுக்குத் தெரிந்த பாடம்தான். ஒரு நாள் அறை வாடகையை மிச்சம் பிடித்திருக்கிறீர்கள்.

சுறாவுக்கு உங்களால் ஆபத்து வரலாம், சுறாவால் உங்களுக்கு ஒன்றும் வந்திருக்காது. கொம்பன் கூச்ச சுபாவமுள்ள பிராணி. குமிழிச் சத்தம் கேட்டாலே விலகிவிடும், நீங்கள் நான்கு நாள் வெறும் நீலத்தைப் பார்த்ததற்கு அதுவும் காரணமாக இருக்கும். பார்த்த அந்த ஒரு நிழலை நான் குறைத்துச் சொல்லவில்லை. விடியற்கருக்கலில், தரையே தெரியாத தண்ணீருக்குள், ஐந்து நாள் பொறுமையாகக் காத்திருந்திருக்கிறீர்கள். எனக்கு அந்தக் காத்திருப்புப் பிடித்திருக்கிறது. அதைப் பற்றி எழுதுங்கள், நான் இங்கேயே போடுகிறேன்.

ஆனால் முதலில் அந்த விரல். நாள் போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள், பிந்திப் போனவர்களுக்கும் சுகம் வந்திருக்கிறது. மூடிய அறையில் அழுத்தத்தைக் கூட்டி, ஒட்சிசன் கொடுத்து, மெல்ல மெல்லக் குறைத்துக் கொண்டுவருவார்கள். இங்கே கடற்படையிடம் அப்படியொரு அறை இருக்கிறது. டொக்டரிடம் போனதும் விரல் விறைப்பு என்று மட்டும் சொன்னால் விற்றமின் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். 38 மீட்டர், வேகமாக மேலே வந்தது, அன்றிரவு விமானம், இந்த மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோய் அவர் மேசையில் வையுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களைவிட அவர் வடிவாகச் சொல்லுவார்.

எந்தக் கை என்று எழுதவில்லை. அதையும் எழுதுங்கள்.