கரையோரம் கேட்பாரற்ற படகுவீடுகள்: வாசகர் கேள்வி – பதில்

ஆற்றங்கரையில் கட்டிப்போட்டு, மாதக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காத படகுவீடுகள் குறித்து வந்த கேள்விகள் இந்த இதழில். கணக்குப் புரியச் சுலபமாக, பதில்கள் முழுக்க ஒரே படகை எடுத்துக்கொண்டிருக்கிறோம்: நீளம் 15 மீட்டர், அகலம் 4 மீட்டர், தண்ணீருக்குள் இறங்கியிருப்பது 60 செ.மீ.

கேள்வி: எங்கள் படித்துறை அருகே ஒரு படகுவீடு கிடக்கிறது. லேசாக ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி தெரிகிறது. மூழ்கப்போகிறதா என்று கரையில் நின்றே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். தண்ணீருக்கு மேலே பக்கப் பலகை எத்தனை செ.மீ. தெரிகிறது என்பதை நான்கு மூலையிலும் பாருங்கள். வாரம் ஒருமுறை, நின்ற இடத்திலேயே நின்று படம் எடுத்து வைத்தாலும் போதும். நம் உதாரணப் படகின் பரப்பு 60 சதுர மீட்டர். அது 1 செ.மீ. தாழ்ந்தால் 600 கிலோ கூடியிருக்கிறது என்று பொருள் (முனை குறுகலான படகானால் 500 கிலோ அளவில்). ஆளும் சாமானும் ஏறாத படகில் அந்த எடை தண்ணீரைத் தவிர வேறெதுவாகவும் இருக்காது. ஒரு வாரத்தில் 5 செ.மீ. தாழ்ந்திருந்தால் உள்ளே சுமார் 3 டன் தண்ணீர்.

அதற்கு அடியில் ஓட்டை இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. மேல்தட்டின் வடிகால் துளைகளை இலைச் சருகு அடைத்து, 50 மி.மீ. மழை அத்தனையும் உள்ளே இறங்கினால் அதுவே 3 டன்.

இந்தத் தாழ்வு ஒரே சீராக நடக்காது. கழிவுநீர்க் குழாய், பம்ப் வெளியேற்றி, காற்றுத் துளை எல்லாம் பெரும்பாலும் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலேதான் இருக்கும். படகு அந்த அளவு தாழ்ந்ததும் அவை ஒவ்வொன்றும் தண்ணீர் நுழையும் வாசலாகிவிடும். மரப் படகில் இன்னொரு வம்பு. வெயிலில் காய்ந்த மேல்பலகைகள் சுருங்கி, இடுக்கில் அடைத்த பஞ்சும் கீலும் (தார் போன்ற பூச்சு) உதிர்ந்திருக்கும். அந்த இடுக்குகள் தண்ணீரைத் தொட்ட பிறகு ஒழுக்கு பலமடங்காகும். உள்ளே தேங்கிய தண்ணீரும் சும்மா இருக்காது. படகு சாயும் பக்கமே ஓடிச் சேர்ந்து சாய்வைக் கூட்டும். ஆறு மாதமாக அசையாமல் கிடந்த படகு ஒரே ராத்திரியில் காணாமல் போவது இப்படித்தான்.

பக்கவாட்டில் படிந்த பாசிக்கோட்டையும் கவனியுங்கள். கோடு ஒரு முனையில் தண்ணீருக்குள் மறைந்து மறுமுனையில் மேலே தெரிந்தால் படகு சாய்ந்திருக்கிறது. பம்ப் அடிக்கடி தண்ணீர் துப்பிக்கொண்டிருந்து திடீரென்று நின்றால், ஒழுக்கு நின்றது என்று நிம்மதி அடையவேண்டாம். பெரும்பாலும் பேட்டரிதான் தீர்ந்திருக்கும்.

கேள்வி: மிதவை சுவிட்சோடு தானியங்கி பம்ப் வைத்திருக்கிறேன். மாதக்கணக்கில் விட்டுப் போகலாமா?

பம்ப் சொட்டுச் சொட்டாகக் கசிவதை வெளியேற்றத்தான் லாயக்கு. நீர்மட்டத்துக்கு 50 செ.மீ. கீழே 25 மி.மீ. குழாய் ஒன்று கழன்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 55 லிட்டர் உள்ளே வரும். மணிக்கு 3 டன்னுக்கு மேல். மணிக்கு 2,000 லிட்டர் என்று முத்திரை குத்திய பம்ப் நிமிடத்துக்கு 33 லிட்டர்தான் தள்ளும். அதுவும் மேலே ஏற்றாமல், குழாய் வளையாமல் அளந்த கணக்கு. ஒரு மீட்டர் உயரம் தூக்கி, சொரசொரப்பான நெளிகுழாய் வழியே விட்டால் கிடைப்பது அதில் பாதியாகலாம். பேட்டரியும் பெரிய துணையல்ல. 5 ஆம்பியர் இழுக்கும் பம்ப், 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் கெடாமல் பயன்படுத்தக்கூடிய பாதியை 10 மணி நேரத்தில் தின்றுவிடும்.

ஆகவே பம்பை நம்புவதைவிட வாசலைச் சாத்துவது மேல். விட்டுப் போகும்போது அடித்தட்டில் உள்ள வால்வுகள் அனைத்தையும் மூடுங்கள். மூடமுடியாமல் இறுகிப்போன வால்வு, கெட்ட வால்வுதான். பலமாகத் திருகினால் கையோடு வந்துவிடும். பித்தளை வால்வைச் சுரண்டிப் பாருங்கள். மஞ்சள் போய் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் உள்ளிருந்த துத்தநாகம் கரைந்து வெறும் தாமிரக் கூடு மிஞ்சியிருக்கிறது, தட்டினால் உடையும். மாற்றும்போது வெண்கலம் போடுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ரப்பர் குழாய்களில் ஒவ்வொரு முனைக்கும் துருவேறா எஃகுக் கிளாம்ப் இரண்டு.

பம்பின் வெளியேற்றுக் குழாயை நீர்மட்டத்துக்கு 30–40 செ.மீ. மேலே வளைத்து, உச்சியில் காற்று நுழையும் வால்வு ஒன்று வையுங்கள். அது இல்லாத படகு கொஞ்சம் தாழ்ந்ததும், பம்ப் நின்ற பிறகு ஆற்றுத் தண்ணீர் அதே குழாய் வழியாகத் திரும்ப உறிஞ்சப்படும். தன் பம்ப் குழாயாலேயே மூழ்கும் படகுகள் நிறைய. இரண்டாவது பம்பை முதலாவதைவிட 15 செ.மீ. உயரத்தில் வைத்து, அது ஓடினால் கரையிலிருந்து தெரிகிற மாதிரி ஒரு சிவப்பு விளக்கு இணையுங்கள். செலவு சொற்பம், பக்கத்துப் படகுக்காரர் கண்ணில் படும்.

கேள்வி: இரும்புப் படகு. மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. வாங்கலாமா?

பெயிண்டைப் பார்த்து வாங்காதீர்கள். கரையேற்றி, அடித்தகடு முழுக்க அல்ட்ராசோனிக் கருவியால் தடிமன் அளக்கச் சொல்லுங்கள். அரிப்பு பரவலாக வருவதைவிடக் குழிகுழியாக வருவதே ஆபத்து. 6 மி.மீ. தகட்டில் சராசரி 5 இருக்கும், ஒரு குழியில் 2 மட்டும் மிஞ்சியிருக்கும். ஓட்டை அங்கேதான் விழும். நீர்மட்டக் கோட்டையும் உள்பக்கம் தண்ணீர் தேங்கும் மூலைகளையும் விடாமல் அளக்கவேண்டும். ஆனோடு கட்டிகள் (தகடு அரிக்காமல், அதற்குப் பதில் தாங்களே கரைவதற்காக அடியில் பொருத்தும் உலோகக் கட்டிகள்) பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். நன்னீருக்கு மக்னீசியம், துத்தநாகம் உப்புநீருக்கானது, ஆற்றில் சரியாக வேலை செய்யாது.

கேள்வி: பூட்டிக் கிடக்கும் படகிலிருந்து கேஸ் வாசனை வருகிறது. உள்ளே போய் சிலிண்டரை மூடலாமா?

போகாதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. வீட்டில் என்றால் கதவிடுக்கு வழியாக வெளியேறும். படகில் தரைப்பலகைக்குக் கீழே இறங்கித் தேங்கும், வெளியேற வழியே கிடையாது. ஒரு கிலோ கேஸ் ஆவியாகி அரை கன மீட்டர் ஆகும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும் என்பதால், அந்த ஒரு கிலோவே 25 கன மீட்டரை வெடிகலவையாக்கப் போதும். நம் உதாரணப் படகின் தரைக்கு அடியிலுள்ள இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்குள்ளேயே பம்பின் மிதவை சுவிட்சும் இருக்கிறது. தண்ணீர் ஏறி அது ‘டிக்’ என்று விழும்போது ஒரு பொறி போதும்.

சிலிண்டர் வெளித்தட்டில் இருந்து, கரையிலிருந்தே கை எட்டினால் மட்டும் மூடுங்கள். படகின் எந்த சுவிட்சையும் தொடவேண்டாம், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். பக்கத்துப் படகுகளில் உள்ளவர்களை இறக்கி, தள்ளிப் போய் நின்று தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

வாசனை இல்லாவிட்டாலும் பூட்டிய அறைக்குள் சட்டென்று இறங்கக்கூடாது. காற்றுப் புகாத இரும்பு அறையில் துருவே ஆக்சிஜனைத் தின்றுவிடும். இயல்பு 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனால் நுழையத் தகாத இடம், 10-க்குக் கீழே போனால் மூச்சுத் திணறல் என்ற எச்சரிக்கைகூட இல்லாமல் ஆள் சாய்ந்துவிடுவார். கழிவுத் தொட்டியில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடும்போது மூக்கை மரக்கச் செய்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று தோன்றும். முதலில் இறங்கியவரைத் தூக்க இரண்டாமவர் இறங்கி இருவருமே போவதுதான் இத்தகைய விபத்துகளின் வழக்கமான கதை. மூடிகளைத் திறந்து நன்றாகக் காற்றோட்டம் விட்டு, வாயுமானி வைத்து உள்காற்றை அளந்த பிறகே நுழையவேண்டும். வெளியே ஒருவர் நிற்கவேண்டும். அவர் எக்காரணம் கொண்டும் இறங்கக்கூடாது.

கேள்வி: வெள்ளத்தில் அறுத்துக்கொண்டு வந்து பாலத்தில் மோதுமோ என்று பயம். கயிறு புதிதுதான். போதாதா?

கயிற்றைவிட அது கட்டியிருக்கும் முளையைப் பாருங்கள். முனை நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும் நம் படகின் மேல், நொடிக்கு 1 மீட்டர் ஓட்டத்தில் சுமார் 120 கிலோ இழுப்பு விழும். வெள்ளத்தில் ஓட்டம் 3 மீட்டரானால் இழுப்பு மூன்று மடங்கல்ல, ஒன்பது மடங்கு. ஒரு டன்னைத் தாண்டும். முன்புறக் கயிறு அறுந்து படகு குறுக்கே திரும்பிவிட்டால் அதைப்போல நான்கு மடங்கு. முனையில் வந்து சிக்கும் மரக்கிளை, ஆகாயத்தாமரை எல்லாம் இதற்குமேல். 20 மி.மீ. புது நைலான் கயிறு 8 டன் அளவுக்குத் தாங்கும், முடிச்சுப் போட்ட இடத்தில் அதில் பாதி. கரை மண் ஊறிச் சேறானபின் முளை அதில் சிறு பங்குகூடத் தாங்காது. ஒற்றை முளையை நம்பாமல், முன்னும் பின்னும் தனித்தனியாக, கரை விளிம்பிலிருந்து தள்ளி ஆழப் புதைத்த இடங்களில் கட்டவேண்டும். பாலிப்ரொப்பிலீன் கயிறு வேண்டாம், வெயிலில் பொடிந்துபோகும். உரசும் விளிம்பில் பழைய ரப்பர் குழாயைக் கயிற்றின் மேல் மாட்டிவிடுங்கள்.

நீளத்திலும் கணக்கு உண்டு. 9 மீட்டர் தள்ளியுள்ள முளைக்கு 9.5 மீட்டர் கயிறு விட்டால், ஆறு 3 மீட்டர் ஏறினாலும் படகு மிதந்து எழும். 2.5 மீட்டர் தள்ளி 3 மீட்டர் கயிற்றில் கட்டினால் 1.6 மீட்டர் ஏறியதுமே கயிறு படகின் விளிம்பைக் கீழே இழுத்துப் பிடித்துவிடும். வளையம் போட்டுக் கம்பத்தில் ஏறி இறங்கவிடுபவர்கள், கம்பம் பெருவெள்ள மட்டத்தைவிட உயரமா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் வளையம் உச்சியில் கழன்று படகு சுதந்திரமாகக் கிளம்பிவிடும்! வடியும்போதும் கண் வேண்டும்: படி மேலோ கரை மேலோ ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டால், தண்ணீர் இறங்க இறங்க மறுபக்கம் சாய்ந்து நிரம்பும்.

கேள்வி: பையன்கள் அந்தப் படகைச் சுற்றி நீந்துகிறார்கள். கரையிலிருந்து அதற்கு மின்கம்பி போகிறது. ஆபத்தா?

ஆம், உடனே தடுங்கள். பழைய கம்பியின் உறை வெடித்து, எர்த்தும் அறுந்திருந்தால் மின்சாரம் படகின் உடற்பகுதி வழியாகத் தண்ணீரில் கசியும். நன்னீரைவிட மனித உடம்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆகவே நீந்துபவர் வழியாகவே பாயும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே தசைகள் இறுகும், கைகால் அசையாது, சத்தமில்லாமல் மூழ்குவார்கள். அப்படி ஒருவரைக் கண்டால் குதிக்காதீர்கள். முதலில் கரையில் மின்சாரத்தைத் துண்டியுங்கள், பிறகு மிதவையோ காய்ந்த கயிறோ வீசுங்கள். கரைப் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டதும் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் வேண்டும். ஆளில்லாத படகுக்கு மின் இணைப்பையே பிடுங்கிவைப்பது இன்னும் நல்லது.

கேள்வி: பாதி மூழ்கிவிட்டது. ஊரார் சேர்ந்து டிராக்டரில் இழுத்துவிடலாம் என்கிறார்கள்.

தண்ணீரோடு இழுத்தால் கயிறு கட்டிய கொக்கி பெயர்ந்து வரும், இல்லையேல் படகே இரண்டாகும். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன். இறுகிய நைலான் கயிறு அறுந்தால் திரும்பி அடிக்கும் வேகத்தில் உயிர் போகும். இழுவைக் கோட்டில் யாரும் நிற்கக்கூடாது.

மின்சாரத்தைத் துண்டித்து, கேஸை மூடி, டீசல் மிதந்தால் எண்ணெயை உறிஞ்சும் மிதவைத் தடுப்பால் வளைத்துவிடுங்கள். அடுத்து, மேலும் சரியாமல் கரையோடு கட்டவேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழிருக்கும் எல்லாத் துளையையும் ஜன்னலையும் அடைக்காமல் பம்ப் போடுவது ஆற்றையே இறைப்பதுதான். விளிம்பு முழுவதும் தண்ணீருக்கு மேலே வந்த பிறகுதான் இறைக்கவேண்டும். அதற்குக் காற்றுப் பைகளும் முக்குளிப்பவர்களும் தேவை, ஊரார் வேலையல்ல. பாதி காலியான கட்டத்தில்தான் படகு கவிழும் வாய்ப்பு மிக அதிகம். அப்போது உள்ளே ஒருவரும் இருக்கக்கூடாது.

கேள்வி: உரிமையாளர் யாரென்றே தெரியவில்லை. கயிற்றை வெட்டிக் கீழே தள்ளிவிட்டால்?

வெட்டாதீர்கள். அடுத்த படித்துறையில் யார் தலையிலாவது போய் விழும், பழியும் உங்கள் மேல் வரும். பதிவு எண், இருக்கும் இடம், நான்கு மூலையும் தெரியும் தேதியிட்ட படங்கள், வாரம் எத்தனை செ.மீ. தாழ்கிறது என்ற குறிப்பு ஆகியவற்றோடு ஆற்றைப் பராமரிக்கும் துறைக்கு எழுதுங்கள். ‘ஆபத்தாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதினால் அடுக்கில் போய்ச் சேரும். ‘மூன்று வாரத்தில் 9 செ.மீ. தாழ்ந்துவிட்டது, உள்ளே சுமார் 5 டன் தண்ணீர், அருகே மின்கம்பி’ என்று எழுதினால் ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டிவரும்.