தண்ணியா, ரோலரா, கெமிக்கலா? ஆஃப்செட் பிரஸ்காரங்க எதுக்கு காசு போடணும்: கேள்வி-பதில்

ஆடிப்பெருக்கு அன்னைக்கு காலண்டர் ஆல்பம் வெளியிட்டதுலருந்து வருஷக் கடைசி வரைக்கும் சிவகாசி பக்கம் மெஷின் நிக்காது. சரியா அந்த நேரம் பார்த்துதான் பேக்ரவுண்டு அழுக்கடிக்குது, கலர் நிக்கல, என்ன வாங்கிப் போடறதுன்னு கேள்வியும் குவியும். அதனால இந்த தடவை முழுக்க டேம்பனிங்குக்கே, அதாவது பிளேட்டோட வெள்ளைப் பகுதில இங்க் ஒட்டாம இருக்க தண்ணி குடுக்கற ஏற்பாட்டுக்கே, ஒதுக்கிட்டேன்.

கேள்வி: சார், ரெண்டு வருஷம் முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல டூ கலர் மெஷின் ஒண்ணு எடுத்தேன், தண்ணி ரோலருக்கு துணி இல்லாத டைப், ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) ஊத்தி ஓட்டறது. காலைல நல்லா ஓடுது, பதினொரு மணிக்கு மேல வெள்ளைல லேசா கலர் ஏற ஆரம்பிக்குது, ஆபரேட்டர் தண்ணிய கூட்டறார், கூட்டுனா கலர் வெளுக்குது, வெளுத்தா இங்க்க கூட்டறார், சாயங்காலம் பார்த்தா தாள் காயாம ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. மூணு கம்பெனி பவுண்டன் சொல்யூஷன் (தொட்டித் தண்ணில கலக்கற மருந்து) மாத்தியாச்சு. இப்ப ஒருத்தர் ரோலர் செட்டை முழுசா மாத்துங்கறார், இன்னொருத்தர் தொட்டித் தண்ணிய குளிர வைக்கற சில்லர் வாங்குங்கறார். ரெண்டுக்கும் என்கிட்ட காசு இல்ல, எதை வாங்கறது? (சாத்தூர் வாசகர்)

பதில்: இந்த வாரம் ரெண்டையும் வாங்காதீங்க. முதல்ல ஒரு தெர்மாமீட்டர், ஒரு பிஎச் பேனா (தண்ணியோட அமிலத்தன்மையை அளக்கறது), ஒரு கண்டக்டிவிட்டி பேனா (தண்ணில கரைஞ்சிருக்கறது எவ்வளவுன்னு மின்கடத்தலை வச்சுக் காட்டறது), இந்த மூணையும் வாங்குங்க, மூணும் சேர்ந்தாலும் சில ஆயிரத்துக்குள்ள முடிஞ்சிரும். நானும் ஒரு காலத்துல ஒருத்தர் பேச்சைக் கேட்டு முழு செட் ரோலர் மாத்தி, மாத்துன மறுநாளே அதே அழுக்கு வந்து நின்னவன்தான், கடைசில பார்த்தா கோளாறு தண்ணில இருந்துச்சு. அந்தக் காசு இன்னைக்கும் மனசுல உறுத்துது, அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

நீங்க சொன்னதுல முக்கியமான விஷயமே அந்த பதினொரு மணிதான். பிளேட்டு கோளாறோ ரோலர் பிரஷர் கோளாறோன்னா காலைல முதல் தாள்லயே காட்டிக் கொடுத்துரும். ரெண்டு மூணு மணி நேரம் ஓடுனப்புறம் வர்றதுன்னா சூடு, இல்லன்னா தொட்டித் தண்ணி கெட்டுப் போறது, பெரும்பாலும் இந்த ரெண்டுல ஒண்ணுதான். ஐபிஏ மெஷின்ல தொட்டித் தண்ணி 10லருந்து 15 டிகிரிக்குள்ள இருக்கணும், நம்ம ஊர் வெயில்ல கூலிங் இல்லாம விட்டா 30ஐ சாதாரணமா தாண்டும். அப்ப ஐபிஏ ஆவியாகிப் போயிரும், இங்க்கும் இளகிரும், இளகுன இங்க் தண்ணிய சும்மா உறிஞ்சும், அந்தக் கலந்துபோன இங்க்தான் வெள்ளைல போய் உக்காருது.

சில்லர் வேணுமான்னு தெரிஞ்சுக்க சில்லரே வாங்க வேண்டியதில்ல. ஒரு நாள் மட்டும் தண்ணி பாட்டில்கள ஃப்ரீசர்ல வச்சு ஐஸாக்கி, மூடியை நல்லா இறுக்கி, பாட்டிலோட பவுண்டன் டேங்க்ல போடுங்க (ஐஸை அப்படியே போட்டுறாதீங்க, கரைஞ்சா கெமிக்கல் அளவு கெட்டுரும்), அரை மணிக்கு ஒரு தடவை தெர்மாமீட்டர் பார்த்து பாட்டிலை மாத்திக்கிட்டே இருங்க. அன்னைக்கு பதினொண்ணு தாண்டி மத்தியானம் வரைக்கும் சுத்தமா ஓடுச்சுன்னா சில்லருக்கு தாராளமா காசு போடலாம். அப்பயும் அழுக்கு வந்துச்சுன்னா சில்லர் வாங்கி பிரயோஜனம் இல்ல, அடுத்ததுக்கு வாங்க.

அழுக்கு வர்ற நேரத்துல மெஷினை நிறுத்தி, பிளேட்ல அந்த இடத்தை ஈர ஸ்பான்ஜால ஒரு தடவை துடைங்க. துடைச்சா சுத்தமா போய், ஓட்டுனதும் பரவலா திரும்ப வருதுன்னா அது டின்டிங், அதாவது இங்க் தண்ணிக்குள்ள கலங்குது, மருந்து அளவு ஏறியிருக்கும், இல்ல இங்க் அந்தத் தண்ணிக்கு ஒத்துவரல, சில சமயம் பேப்பர் கோட்டிங்கும் காரணமா இருக்கும். ஈர ஸ்பான்ஜால துடைச்சும் அழுக்கு போகாம பிடிச்சுக்கிட்டு இருக்குன்னா அது ஸ்கம்மிங், பிளேட்டோட வெள்ளைப் பகுதியே எண்ணெயைப் பிடிக்க ஆரம்பிச்சிருச்சு, அதுக்கு பிஎச், கோந்து, ரோலர், பிரஷர்னு பார்க்கணும். ஒரே இடத்துல பட்டையா, இல்ல ஒரு ஓரமா மட்டும் வந்தா ரோலர் செட்டிங்தான், வேற எதையும் தேட வேண்டாம்.

மூணு கம்பெனி மருந்து மாத்துனேன்னு சொன்னீங்க, ஆனா ஒவ்வொண்ணையும் லிட்டருக்கு எத்தனை மில்லி ஊத்துனீங்கன்னு சொல்லவே இல்லையே, அங்கதான் எனக்கு சந்தேகம். நிறைய பிரஸ்ல மூடியால அளந்து ஊத்தறதுதான் வழக்கம், அழுக்கு வந்தா இன்னொரு மூடி. பிஎச் பார்த்தேன் 5 காட்டுது, சரியாத்தான் இருக்குன்னும் சொல்வாங்க. பவுண்டன் சொல்யூஷன்ல பஃபர் இருக்கும், நீங்க ரெண்டு மடங்கு ஊத்துனாலும் பிஎச் 5 பக்கத்துலயே நிக்கும், அளவு ஏறுனதை அது காட்டாது, கண்டக்டிவிட்டிதான் காட்டும். உங்க தண்ணி ஒரு லிட்டர் எடுத்து கண்டக்டிவிட்டி பாருங்க, 10 மில்லி ஊத்திப் பாருங்க, 20, 30, 40னு ஊத்தி ஒவ்வொண்ணையும் ஒரு அட்டைல எழுதி மெஷின்ல ஒட்டிருங்க. இதை ஐபிஏ ஊத்தறதுக்கு முன்னாடி பண்ணணும், ஐபிஏ சேர்ந்தா ரீடிங் இறங்கிக் காட்டும். கேன்ல லிட்டருக்கு 20லருந்து 30 மில்லின்னு போட்டிருந்தா அட்டைல 30 மில்லிக்கு எழுதுன ரீடிங்க தாண்டக் கூடாது. தினமும் தொட்டிலயும் பாருங்க, இங்க்கும் பேப்பர் தூசியும் சேர சேர ஏறிக்கிட்டே போகும், புதுசா கலக்குனப்ப இருந்ததைவிட ஆயிரம் மைக்ரோசீமென்ஸ் ஏறிட்டா யோசிக்காம தொட்டியைக் காலி பண்ணிக் கழுவிட்டு புதுசு ஊத்துங்க. பிஎச் 4.8லருந்து 5.5 வரைக்கும் நல்லது. 4க்கு கீழ போனா இங்க் காயாது, ரோலர்ல இங்க் பிடிக்காம வழுக்கும், பிளேட்டும் தேயும். 6ஐத் தாண்டுனா கோந்து வேலை செய்யாம வெள்ளை அழுக்காகும்.

ரோலருக்கு இப்ப வருவோம். இங்க் ஏத்தி நிறுத்தி, தண்ணி ரோலரை பிளேட்ல ஒரு தடவை தொட வச்சு எடுங்க, கோடு இந்தக் கடைசிலருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஒரே அகலத்துல விழணும், உங்க சைஸ் மெஷினுக்கு 4 மில்லிமீட்டர் பக்கம் இருந்தா போதும், மேனுவல் இருந்தா அதுல போட்ட அளவுதான் கணக்கு. நடுவுல மெலிஞ்சோ ஓரத்துல பெருத்தோ இருந்தா ரோலர் தேஞ்சிருக்கு, இல்ல ஓரம் ஊதிருக்கு. அப்புறம் ரப்பர் எவ்வளவு கெட்டின்னு அளக்கற ஷோர் ஏ டுரோமீட்டர் வச்சுப் பாருங்க. தண்ணி ஃபார்ம் ரோலர் (பிளேட்டைத் தொடற ரோலர்) புதுசுல 25 பக்கத்துல இருக்கும், அது 35க்கு மேல போயிருந்தா மாத்தற நேரம் வந்தாச்சு. ஆனா அந்த ஒரு ரோலரைத்தான் மாத்தணும், செட்டை இல்ல.

மாத்தறதுக்கு முன்னாடி இன்னொரு விஷயம். ரப்பர் மேல கண்ணாடி மாதிரி பளபளன்னு ஒரு படலம், தண்ணி விட்டா பரவாம முத்து முத்தா நிக்குது, இப்படி இருந்தா அது பேப்பர் கோட்டிங்ல இருக்கற கால்சியமும் கோந்தும் சேர்ந்து படிஞ்சது. மண்ணெண்ணெய், பெட்ரோல் போட்டு எத்தனை தடவை துடைச்சாலும் அது போகாது, மண்ணெண்ணெய் தன் பங்குக்கு ஒரு எண்ணெய்ப் படலத்தையும் விட்டுட்டுப் போகும். கால்சியம் ரிமூவர்னு தனியா விக்குது, வாரத்துக்கு ஒரு தடவை போட்டு வெந்நீர்ல துடைச்சா, தூக்கிப் போடலாம்னு நெனச்ச ரோலர் பல தடவை உயிர் பிழைச்சுக்கும்.

ஆபரேட்டர்கிட்டயும் கோவப்படாம சொல்லுங்க, அழுக்கு வந்தா தண்ணிய கூட்டற பழக்கத்தை விட்டுட்டு, தண்ணிய குறைச்சுக்கிட்டே வந்து எந்த இடத்துல அழுக்கு ஆரம்பிக்குதுன்னு பார்த்து அதுக்கு ஒரு புள்ளி மேல வச்சு ஓட்டச் சொல்லுங்க. தாள் காயாம ஒட்டறதுக்கும் அந்த அதிகத் தண்ணிதான் முக்கால்வாசி காரணம்.

கேள்வி: எங்க ஏரியால ஒரு நாள் லாரி தண்ணி, ஒரு நாள் போர் தண்ணி. பவுண்டனுக்கு ஆர்ஓ போட்டுறலாமா? (திருத்தங்கல் வாசகர்)

பதில்: போடலாம், உங்களுக்குப் பிரச்சனையே தண்ணி கடினமா இருக்கறதைவிட தினம் மாறறதுதான், இன்னைக்கு செட் பண்ணுன அளவு நாளைக்கு செல்லாது. பவுண்டன் தண்ணிக்கு ஜெர்மன் அளவுல 8லருந்து 12 டிகிரி கடினத்தன்மைன்னு சொல்வாங்க, நம்ம கணக்குல லிட்டருக்கு 140லருந்து 215 மில்லிகிராம் வரும். ஆர்ஓ தண்ணி கிட்டத்தட்ட சுழி, அதுவும் ரொம்ப நல்லதுன்னு இல்ல, இங்க் சுலபமா கலங்கும். அதனால மருந்து வாங்கறப்ப ஆர்ஓ தண்ணிக்குன்னே தயார் பண்ணுனதா கேட்டு வாங்குங்க. இல்லன்னா ஆர்ஓவோட கொஞ்சம் சாதா தண்ணி சேர்த்து, கண்டக்டிவிட்டி பேனா வச்சு தினமும் ஒரே ரீடிங்குக்கு கொண்டுவாங்க. உப்பு போட்டு ஓட்டற சாஃப்ட்னர் விலை கம்மின்னு யாராவது தள்ளிவிட்டா வாங்காதீங்க, அது கால்சியத்தை எடுத்துட்டு சோடியத்தை வைக்குது அவ்வளவுதான், கண்டக்டிவிட்டி குறையாது.

கேள்வி: ஐபிஏ விலையும் கட்டுப்படியாகல, ரூம்ல நெடி தாங்காம வேலை பார்க்கற பையன் தலைவலின்னு உக்காந்துர்றான். ஸ்பிரிட் கம்மி விலைக்கு கிடைக்குது, அதை ஊத்தலாமா? (கோவில்பட்டி வாசகர்)

பதில்: வேண்டாங்க, தயவுசெஞ்சு வேண்டாம். கம்மி விலை ஸ்பிரிட்ல மெத்தனால் இருக்க வாய்ப்பிருக்கு, அது கண்ணையே பறிச்சிரும், மூடுன ரூம்ல நாள் முழுக்க அதை சுவாசிக்கப் போறது அந்தப் பையன். முதல்ல உங்க மெஷின் எந்த டைப்னு பாருங்க. தண்ணி ரோலருக்கு துணி போட்ட பழைய டைப்னா ஐபிஏவே தேவையில்ல, துணியே தண்ணிய பிடிச்சுக்கும், ஊத்தற காசெல்லாம் வீண். துணி இல்லாத டைப்னா 8லருந்து 10% போதும், நிறைய பேர் கண்ணால பார்த்து 15, 20னு ஊத்திட்டு இருக்காங்க. ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்கி அளங்க, தண்ணி சூடு மாறுனா அதோட ரீடிங்கும் மாறும்ங்கறதை மட்டும் கவனிச்சுக்கங்க. ஐபிஏக்கு மாத்து மருந்து விக்குது, நல்லாவே வேலை செய்யும், ஆனா ரோலர் மெத்துன்னு இருந்து செட்டிங் சரியா இருந்தாத்தான், காஞ்ச ரோலர் வச்சுக்கிட்டு மாத்து மருந்துக்குப் போனா ரெண்டாவது நாளே திரும்பிருவீங்க. இன்னொண்ணு, ஐபிஏ 12 டிகிரிலயே தீப்பிடிக்கற ஆவி விடும், நம்ம ஊர்ல எந்த மாசமும் அதுக்கு மேலதான், கேனை மெஷின் பக்கத்துல திறந்து வைக்காதீங்க, எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம் போடுங்க.

கேள்வி: புதுசா ரெண்டு தண்ணி ரோலர் வாங்குனேன், ஒரே மாசத்துல ஓரம் ஊதிருச்சு. கடைக்காரர் நீங்க கண்ட சால்வென்ட்ல கழுவியிருப்பீங்கன்னு கைய விரிக்கறார். கன்ஸ்யூமர் கோர்ட் போக முடியுமா? பிரஸ்னா வியாபாரம், கேஸ் எடுக்க மாட்டாங்கன்னு சொல்றாங்க. (மதுரை வாசகர்)

பதில்: அப்படி மொத்தமா சொல்லிர முடியாது. 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல வியாபாரத்துக்கு வாங்குனவர் நுகர்வோர் இல்லைன்னுதான் இருக்கு, ஆனா சுயதொழிலா தன் பிழைப்புக்கு மட்டும் வாங்கி தானே பயன்படுத்தறவருக்கு அது பொருந்தாது. 1995ல லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் இதை விளக்கும்போது, மெஷினை தானே ஓட்டறவர் ஒத்தாசைக்கு ஒண்ணு ரெண்டு ஆள் வச்சிருந்தாலும் நுகர்வோர்தான்னு சொல்லியிருக்கு. நீங்களே நின்னு ஓட்டற சின்ன பிரஸ்னா தைரியமா போகலாம், பத்து பேர் வேலை பார்க்கற யூனிட்டுன்னா கஷ்டம். முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் பதிவு பண்ணுங்க, பல சமயம் அதுலயே கடைக்காரர் இறங்கி வருவார். வரலைன்னா உங்க மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள மனு போடணும், பொருளுக்கு குடுத்த பணம் அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது.

ஆனா கடைக்காரர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கலாம். சாதா இங்க்குக்கான நைட்ரைல் ரப்பர் யூவி இங்க்லயோ காட்டமான சால்வென்ட்லயோ பட்டா ஊதத்தான் செய்யும். நீங்க என்ன வாஷ் போட்டீங்கன்னு காட்ட பில் வச்சிருக்கீங்களா? அடுத்த தடவை வாங்கறப்ப எந்த இங்க், எந்த வாஷ்னு ஆர்டர்லயே எழுதிக் குடுங்க, ரோலர் வந்து இறங்குன அன்னைக்கே ரெண்டு ஓரம், நடு, மூணு இடத்துலயும் ஷோரும் விட்டமும் அளந்து டெலிவரி சலான்ல எழுதி கையெழுத்து வாங்குங்க. தரைல படுக்கப் போடாதீங்க, ஷாஃப்ட் ரெண்டு முனையும் தாங்கற மாதிரி வைங்க, இல்லன்னா ஒரு பக்கம் அமுங்கிப் போயிரும்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் மெஷின் பார்க்கப் போறேன், டேம்பனிங்ல மட்டும் என்ன பார்க்கணும்? (ஈரோடு வாசகர்)

பதில்: போறதுக்கு முன்னாடியே ஓட்டிக் காட்டணும்னு சொல்லிருங்க, நிறுத்தி வச்ச மெஷினைப் பார்த்து அட்வான்ஸ் குடுக்காதீங்க. மெதுவா ஓட்டிக் காட்டுவாங்க, ஃபுல் ஸ்பீடுக்கு ஏத்தச் சொல்லுங்க, ஸ்பீடு ஏறறப்ப தண்ணியும் கூடவே ஏறுதான்னு அப்பதான் தெரியும். க்ரோம் ரோலர்ல புள்ளி புள்ளியா அரிச்சிருந்தா, இல்ல அதுல இங்க் ஒட்டிக்கிட்டு இருந்தா கவனிங்க. இங்க் மட்டும்னா நல்லா கழுவி, பவுண்டன் கான்சன்ட்ரேட்டும் கோந்தும் போட்டுத் துடைச்சா சரியாகும், அரிச்சிருந்தா மறுபடி க்ரோம் போடற செலவை விலைலருந்து கழிங்க. தண்ணி ரோலர்களை கையால மேலயும் கீழயும் அசைச்சுப் பார்த்து பேரிங் ஆட்டம் இருக்கான்னு பாருங்க. கூலிங் யூனிட் இருந்தா போன உடனே ஆன் பண்ணச் சொல்லிட்டு, மத்ததெல்லாம் பார்த்து முடிச்சு ஒரு அரை மணி நேரம் கழிச்சு நீங்க கொண்டுபோன தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்க, 15க்கு கீழ இறங்கலன்னா அந்த யூனிட்டுக்கு விலை போடாதீங்க.