கான்கிரீட்டில் நீர்க்கசிவும் ரெசின் செலுத்துதலும்: கேள்வி பதில்

கேள்வி: தரைமட்டத்துக்குக் கீழே உள்ள அறையின் கான்கிரீட் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடுகிறது. மழை பெய்தால் அதன் வழியே நீர் கசிகிறது. உட்புறம் சிமெண்ட் கலவை பூசி இரண்டு முறை அடைத்தோம். இரண்டு முறையும் பூச்சு பெயர்ந்துவிட்டது. ரெசின் செலுத்தினால் நிற்குமா?

பதில்: நிற்க வாய்ப்பு அதிகம். பூச்சு பெயர்ந்ததற்குக் கலவையையோ கொத்தனாரையோ மட்டும் குறை சொல்ல முடியாது. சுவருக்கு வெளியே மண்ணில் நீர் தேங்கும்போது, ஒவ்வொரு மீட்டர் நீர் உயரத்துக்கும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 டன் அழுத்தம் சுவரின் மேல் விழுகிறது. விரிசல் வழியே அந்த அழுத்தத்தோடு வரும் நீர், உட்புறப் பூச்சின் பின்னால் பரவி அதை மெல்ல மெல்லக் கழற்றிவிடும். ரெசினோ, திரவமாக உள்ளே போய்ப் பிறகு இறுகும் பிசின் என்பதால், சுவரின் கனம் முழுவதிலும் விரிசலுக்குள் புகுந்து இரு பக்கக் கான்கிரீட்டையும் பற்றிக்கொள்கிறது. ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஒரு வழியை அடைத்தால் நீர் அடுத்த வழியைத் தேடும். ஆகவே சுவரும் தரையும் சேரும் இணைப்பையும் இதே தடவையில் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: எபாக்சி, பாலியூரித்தேன் என்ற இரண்டு ரெசின்களில் எது நல்லது? ஒவ்வொருவர் ஒன்றைச் சொல்கிறார்கள்.

பதில்: எது நல்லது என்பதைவிட, உங்கள் விரிசல் எப்படிப்பட்டது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். அது ஈரமாக இருக்கிறதா, இன்னும் அசைகிறதா என்ற இரண்டுக்கும் விடை தெரிந்தால் பொருள் தானே முடிவாகிவிடும்.

எபாக்சி இறுகியபின் கான்கிரீட்டைவிட இழுவலிமை மிகுந்தது. பிளந்த உத்தரத்தை மீண்டும் ஒன்றாக ஒட்டுவதற்கு அதுவே தகுந்தது. ஆனால் அது வளைந்து கொடுக்காது, சாதாரண வகைகள் ஈரத்தில் சரியாக ஒட்டவும் செய்யா. வெப்பத்தால் விரிந்து சுருங்கும் விரிசலில் அதைச் செலுத்தினால், ஒட்டிய இடம் அப்படியே இருக்க, பக்கத்திலேயே புதிதாக ஒரு விரிசல் விழும்.

பாலியூரித்தேன் நீரோடு சேர்ந்தால் நுரைத்து விரியும். ஆகவே ஓடுகிற நீரை நிறுத்த அதற்கு நிகரில்லை. அதிலும் இரண்டு வகை உண்டு. நீரை உறிஞ்சி ஊதும் வகை, விரிசல் எப்போதும் ஈரமாக இருக்கும் வரைதான் நம்பத்தக்கது. கோடையில் காய்ந்தால் சுருங்கி, அடுத்த மழையில் வழிவிடும். நீரை விலக்கும் வகைக்கு வினை தொடங்கச் சிறிதளவு நீர் போதும். இறுகியபின் அதன் அளவு பெரிதாக மாறாது. கசிவு வேகமாக இருந்தால் முதலில் நுரை வகையால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, அதன்பின் நெகிழ்வான, நுரைக்காத பாலியூரித்தேன் ரெசினை அதே வழியில் செலுத்துவது என் வழக்கம். நுரை மட்டுமே போட்டுவிட்டுப் போனால் அதன் நுண்துளைகள் வழியே பிற்பாடு ஓதம் வரக்கூடும்.

கேள்வி: விரிசல் அசைகிறதா என்று நாங்களே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு முனைகளிலும் எபாக்சி பசையால் ஒட்டி, தேதியை எழுதி வையுங்கள். கண்ணாடி பிளந்தால் விரிசல் அசைகிறது. குறைந்தது ஒரு வெயில் காலத்தையும் ஒரு மழைக்காலத்தையும் அது பார்க்க வேண்டும். ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு கட்டக் கூடாது.

கேள்வி: துளையிடுவது முதல் அடைப்பது வரை வேலை எந்த வரிசையில் நடக்கும்? ஒப்பந்தக்காரர் செய்யும்போது நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: துளையின் கோணத்தைக் கவனியுங்கள். துளையை விரிசலின் மீதே நேராக இடக் கூடாது. பக்கவாட்டில் தள்ளித் தொடங்கி, 45 பாகைச் சாய்வில் விரிசலைச் சுவரின் நடுக்கனத்தில் வெட்ட வேண்டும். சுவர் 20 செ.மீ. கனம் என்றால், விரிசலில் இருந்து 10 செ.மீ. தள்ளித் தொடங்கும் துளை ஏறத்தாழ 14 செ.மீ. ஆழத்தில் அதைச் சந்திக்கும். துளைகள் ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என மாறி மாறி வர வேண்டும். விரிசல் உள்ளே எந்தப் பக்கம் சாய்ந்து போகிறது என்பது வெளியிலிருந்து தெரியாது என்பதே காரணம். துளையிடுமுன் கம்பிகள் எங்கே ஓடுகின்றன என்று கருவியால் பார்த்துக்கொள்வது அவசியம். முன்னிறுக்கக் கம்பிவடங்கள் (இழுத்து இறுக்கிக் கட்டிய எஃகு வடங்கள்) உள்ள தளமானால், கட்டமைப்புப் பொறியாளரின் ஒப்புதல் இல்லாமல் ட்ரில்லைத் தொடவே கூடாது.

அடுத்து, பெரும்பாலோர் தாண்டிப்போகும் கட்டம்: துளையைக் கழுவுதல். தொழிலுக்கு வந்த புதிதில், கழுவாத துளையில் நான் ரெசின் செலுத்தியிருக்கிறேன். பம்பின் அழுத்தமானி ஏறிக்கொண்டே போயிற்று, ரெசின் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. பேக்கரை, அதாவது துளையில் இறுக்கி அதன் வழியே ரெசினை உள்ளே விடும் முனையை, கழற்றிப் பார்த்தால், துளையின் அடியில் கான்கிரீட் தூள் நனைந்து களிம்பாக விரிசலின் வாயை அடைத்திருந்தது. அன்றிலிருந்து, ஒவ்வொரு துளையிலும் நீரைச் செலுத்தி அது விரிசல் வழியே தெளிவாக வெளிவருவதைக் கண்ணால் பார்த்த பிறகே பேக்கரை இறுக்குகிறேன்.

செங்குத்து விரிசலில் கீழ்ப் பேக்கரில் தொடங்கி மேலே போக வேண்டும். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, அடுத்த பேக்கரில் ரெசின் எட்டிப் பார்க்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தத்தை ஏற்றினால் விரிசல் அகலும், சில வேளை கான்கிரீட்டின் மேற்பரப்பே பெயர்ந்து விழும். இறுகியபின் பேக்கர்களை எடுத்துவிட்டு, துளைகளைச் சுருங்காத கலவையால் அடைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கசிந்துகொண்டிருந்த மெல்லிய விரிசலில் வெள்ளையாகப் படிந்து, இப்போது கசிவே இல்லை. இதற்கும் ரெசின் தேவையா?

பதில்: தேவையில்லை. 0.2 மி.மீ.க்குக் குறைந்த, அசையாத விரிசல்கள் கால்சியம் கார்பனேட் படிந்து தாமாகவே மூடிக்கொள்வதுண்டு. சுரண்டாமல் விட்டுவிடுங்கள்.

கேள்வி: குளியலறைக்குக் கீழே உள்ள கூரையில் சொட்டுகிறது. கீழிருந்தே ரெசின் செலுத்தித் தருவதாகச் சொல்கிறார்கள்.

பதில்: முதலில் குழாயைச் சோதியுங்கள். சொட்டும் இடமும் நீர் புகும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது. மின்கம்பிக் குழாய்க்குள் புகுந்து பல அடி தள்ளிச் சொட்டுவது சர்வ சாதாரணம். உடைந்த குழாயை விட்டுவிட்டுத் தளத்தை மட்டும் அடைத்தால், நீர் தளத்துக்குள்ளேயே தேங்கிக் கம்பியை அரிக்கும்.

கேள்வி: விரிசலின் ஓரமாகச் செம்பழுப்பு நிறக் கறை வழிகிறது. அடைத்துவிட்டால் போதுமா?

பதில்: போதாது. அது உள்ளே கம்பி துருப்பிடிப்பதன் அறிகுறி. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலே கான்கிரீட்டைப் பிளக்கிறது. அங்கே விரிசல் நோயல்ல, நோயின் முகம். தளர்ந்த கான்கிரீட்டை வெட்டி நீக்கி, கம்பியின் துருவை அகற்றி, மேற்பூச்சு கொடுத்து, பழுதுபார்ப்புக் கலவையால் மூட வேண்டும். கம்பி கனம் குறைந்திருந்தால் பொறியாளர் கணக்கிட்டுக் கூடுதல் கம்பி சேர்ப்பார்.

கேள்வி: குடிநீர்த் தொட்டிக்கும் இதே ரெசினைப் பயன்படுத்தலாமா?

பதில்: குடிநீரோடு தொடர்புகொள்ளச் சான்று பெற்ற ரெசினை மட்டும் பயன்படுத்துங்கள். அது முழுதாக இறுகிய பிறகு தொட்டியைக் கழுவி, அந்த நீரைக் கொட்டிவிட்ட பின்பே நிரப்ப வேண்டும்.

கேள்வி: கைப்பம்பும் ரெசினும் கடையில் கிடைக்கின்றன. நானே செய்து பார்க்கலாமா?

பதில்: சிறிய சுவர் விரிசல் என்றால் கைத்திறன் உள்ளவருக்கு முடியாத காரியமல்ல. ஆனால் பாலியூரித்தேனில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயைப் பாதிக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே ஆஸ்துமா போன்ற இழுப்பை வரவழைக்கும். அடைத்த அறையில் காற்றோட்டம் இல்லாமல் செய்யாதீர்கள். கையுறையும், பக்கங்களும் மூடிய கண்ணாடியும் கட்டாயம். சரியாக இறுக்காத பேக்கர் அழுத்தத்தில் தோட்டா போலத் தெறிக்கும். ஆகவே பம்பு இயங்கும்போது பேக்கருக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.