நர்ஸம்மா பதில்கள்

கேள்வி: என் மாமியாருக்கு வயது 68. பக்கவாதம் வந்து ஐந்து மாதமாகப் படுத்த படுக்கை. ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆட்டோவுக்கே 800 ரூபாய் ஆகிறது. அதனால் பிரஷர் மாத்திரை தீர்ந்தால் அப்படியே விட்டுவிடுகிறோம். இப்போது இடுப்புக்குக் கீழே தோல் நிறம் மாறியிருக்கிறது. வீட்டுக்கே வந்து பார்ப்பவர்கள் உண்டா?
(வாசகி, தருமபுரி மாவட்டம்)

பதில்: உண்டு. பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டம் தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி, வேதனையைக் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் நோய் ஆதரவு செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் வருவார்கள். காசு கிடையாது. ஆனால் உங்கள் மாமியார் படுத்திருப்பது அவர்களுக்குத் தெரிய வேண்டுமே! கிராம சுகாதார செவிலியரிடம் டிஸ்சார்ஜ் சீட்டையும் காலி மாத்திரை அட்டையையும் காட்டிப் பெயரைப் பதியச் சொல்லுங்கள். அவரைப் பிடிக்க முடியாவிட்டால் அரசு சுகாதார உதவி எண்ணான 104-க்கு போன் செய்து கேளுங்கள். இன்னொரு வழி, உங்கள் ஊர் மகளிர் குழு. வீடு வீடாக வரும் சுகாதாரத் தன்னார்வலர்களை அந்தக் குழுக்களிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

பிரஷர் மாத்திரையை மட்டும் இனி ஒருநாளும் விடாதீர்கள். மறுபடி பக்கவாதம் வர அதுவே போதும்.

சரி, அந்தத் தோல். அது படுக்கைப் புண்ணின் ஆரம்பமாக இருக்கலாம். கறுத்த தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றிலும் இருப்பதைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் செவிலியர் வரும்வரை அந்தப் பக்கம் பாரம் விழக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம், வலம் என்று ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பாயில் தரதரவென்று இழுக்காமல், அடியில் மடித்த சேலையை விரித்து இருவர் தூக்கி நகர்த்த வேண்டும். ராத்திரியும் இது உண்டு. உங்கள் கணவருக்கும் இரண்டு கை இருக்கிறது, அவரையும் எழுப்புங்கள். குதிகாலையும் பாருங்கள், கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் படுக்கையில் படாது.

எண்ணெய், பவுடர் போட்டுத் தேய்த்தால் சரியாகும் என்று ஊரில் சொல்வார்கள். வேண்டாம், உள்ளே நைந்த சதை தேய்க்கத் தேய்க்க இன்னும் கெடும். நடுவில் ஓட்டை வைத்த ரப்பர் வளையமும் வேண்டாம், அது சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை நெரிக்கும். தோல் உரிந்தாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ யாரும் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அந்த ஒரு தடவை ஆட்டோ வாடகையைப் பார்க்காதீர்கள்.