தொழிற்சாலை எட்டிப் பிடிக்கிறது, நாடு பின்தங்குகிறது: ஏன்?

கேள்வி: ஏழை நாட்டுத் தொழிற்சாலைகளின் உற்பத்தித்திறன் பணக்கார நாடுகளை நெருங்கி வருகிறதாமே? பிறகு வருமான இடைவெளி மட்டும் ஏன் குறைவதில்லை?
– வாசகர், திருப்பூர்

பதில்: நெருங்குவது உண்மைதான். பொருளியலாளர் டானி ரோட்ரிக் 118 நாடுகளின் தொழில்களை ஒப்பிட்டு 2013இல் வெளியிட்ட ஆய்வில், நெருங்கும் வேகம் ஆண்டுக்கு 2.9% என்று வந்தது. நாடுகளுக்கிடையே உள்ள கல்வி, ஆட்சி, முதலீட்டு வேறுபாடு எதையும் கணக்கில் கழிக்காமலே வந்த எண் இது, அதுதான் வியப்பு.

2.9% என்பதை வளர்ச்சி விகிதமாகவே படித்துவிடுகிறார்கள். அதை மடக்கை இடைவெளியால் பெருக்க வேண்டும்; அதாவது, அத்தொழிலில் முன்னணி நாட்டின் திறன் நம்முடையதைப்போல் எத்தனை மடங்கோ, அந்த எண்ணின் மடக்கையால் (லாகரிதம்). ஒரு தொழில் முன்னணியின் பத்தில் ஒரு பங்கில் நின்றால், 10இன் இயல் மடக்கை 2.3. ஆகவே முன்னணியைவிட ஆண்டுக்கு ஏறத்தாழ 6.7% வேகமாக வளரும். 24 ஆண்டுகளில் மடக்கை இடைவெளி பாதியாகும். அப்போது அந்தத் தொழில் முன்னணியின் 32% அளவில் நிற்கும், பலர் நினைப்பதுபோல் 55% அளவில் அல்ல. தவிர, நெருங்க நெருங்க வேகமும் குறையும்.

நாடு நகராததற்குக் காரணம் ஆள்கணக்கு. நூறு உழைப்பாளிகளில் ஐந்து பேர் ஆலையில் இருந்து, மொத்த உற்பத்தியில் 15% தருகிறார்கள் என்று வையுங்கள். 6.7% வளர்ச்சி நாட்டுக்குத் தருவது ஒரு சதவீதப் புள்ளி மட்டுமே. வயலிலும் பெட்டிக்கடையிலும் உள்ள மற்றவர்களுக்கு இந்த விசை கிடையாது. நலிந்த ஆலைகள் மூடி, ஆட்கள் தெருவோர வேலைக்குப் போனாலும் ஆலைத்துறைச் சராசரி உயரும். அதை முன்னேற்றம் என்று கொண்டாட வேண்டாம்.

கேள்வி: இந்தியத் தொழில்களுக்கு இதை நானே கணக்கிடலாமா?
– பொருளியல் மாணவி, மதுரை

பதில்: தாராளமாக. பிற நாடுகளுக்கு ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பான யுனிடோவின் இண்ட்ஸ்டாட் தரவு, இந்தியாவுக்கு ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு. நான்கு இலக்கக் குறியீடு கொண்ட தொழில் வாரியாக மதிப்புக்கூட்டலை (உற்பத்தி மதிப்பில் இடுபொருள் செலவு போக மீதி) பணியாளர் எண்ணிக்கையால் வகுத்து, டாலராக்கி, மடக்கை எடுங்கள். பத்தாண்டு வளர்ச்சி தொடக்க நிலையைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்று ரெக்ரஷன் (தொடர்புப் போக்குக் கணக்கு) செய்யுங்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் காலகட்டத்துக்கும் சேர்த்து டம்மி மாறி (அந்த வகையில் சேர்ந்தால் 1, இல்லையேல் 0) வையுங்கள். உலக விலையேற்றத்தை அது விழுங்கிவிடும்.

சறுக்கும் இடங்கள் மூன்று. நம் கணக்கெடுப்பில் 'தொழிலாளர்' வேறு, 'பணியிலுள்ளோர்' வேறு. முன்னதில் மேலாளர்கள் இல்லை, அந்த எண்ணிக்கையால் வகுத்தால் திறன் ஊதித் தெரியும். தேசியத் தொழில் வகைப்பாட்டின் 2004, 2008 பதிப்புகளை ஒட்டும்போது பதிப்பகத் தொழில் ஆலைத்துறையை விட்டு வெளியேறிவிட்டதைக் கவனியுங்கள். மின்சாரம் இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் என்ற வரம்புக்குக் கீழுள்ள பட்டறைகள் பெரும்பாலும் இதில் வராது. அதனால் உங்கள் முடிவு அவற்றுக்குப் பொருந்தாது.

கேள்வி: ஆலைத்துறையில் நாடுகள் நெருங்கவில்லை என்று பொருளியலாளர்கள் பெர்னார்ட், ஜோன்ஸ் இருவரும் 1996இல் நேர்மாறாகச் சொன்னார்களே?
– வாசகர், சென்னை

பதில்: அவர்கள் பார்த்தது 14 வளர்ந்த நாடுகளை மட்டும், 1970 முதல் 1987 வரை. நாடுகளின் விலைவாசியை ஒப்பிட உதவும் வாங்கும் திறன் விகிதத்தில், முழுப் பொருளாதாரத்துக்கானதையே ஆலைப் பொருளுக்கும் போட்டார்கள். அந்த விகிதத்துக்கு எடுக்கும் அடிப்படை ஆண்டை மாற்றினால் முடிவும் மாறுகிறது என்று பொருளியலாளர் சோரென்சன் 2001இல் காட்டினார்.